துடைத்த கொக்கி

கரண்டிகளைக் கழுவித் துடைத்தபின், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு துணித்துண்டு வைத்தே அவர் இழுப்பறையில் அடுக்குவார். சாவிகள் தனித்தனி ஆணிகளில் தொங்கும். விண்வெளியில் உலோகத்தை உருக்கி இணைக்கும் பற்றவைப்பு வேலை பார்த்துவிட்டுத் தரைக்குத் திரும்பிய நாள்தொட்டு இதுவே வழக்கம். கீழ்வீட்டில் மகளோடு வசிக்கும் தங்கைக்கு இது தீராத வேடிக்கை.

“கரண்டிக்கெல்லாம் போர்வை போத்தியாச்சு. ஒரு தாலாட்டும் பாடிடுங்கண்ணா.”

தரையில் இது தேவையில்லை என்று அவருக்கும் தெரியும். இங்கே காற்று ஒவ்வோர் உலோகத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேலாடையைப் போர்த்திவிடுகிறது. இரும்பும் இரும்பும் காலமெல்லாம் அருகருகே கிடந்தாலும், முகம் கொடுத்துப் பேசாத அண்டைவீட்டார்போல ஒதுங்கியே கிடக்கின்றன. காற்றற்ற வெளியில் அந்த ஆடை தேய்ந்தால் மீண்டும் வளராது. வெற்றுடம்போடு இரண்டு உலோகங்கள் அங்கே உரசி அழுந்தினால் நெருப்பே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரியச் சொன்னால் கேளா. ஆகவே அங்கே வேலை செய்வோர், இடுப்பில் கட்டும் எஃகுக் கயிற்றின் கொக்கிக்குக் கரும்பொடி பூசிக்கொண்டுதான் வெளியே இறங்குவார்கள்.

தங்கையின் கணவர் அப்படியொரு கொக்கியால்தான் இறந்தார். அவரும் மைத்துனரான இந்த அண்ணனும் விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, தங்கை கணவரின் உடையில் காற்று கசியத் தொடங்கியது. உடனே உள்ளே திரும்பவேண்டும். கொக்கியோ கைப்பிடிக் கம்பியோடு ஒன்றாகிப்போயிருந்தது. கயிற்றை அறுத்து அவரை இழுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொக்கியில் பூச்சு இல்லை என்றது விசாரணை. அவரவர் கொக்கிக்கு அவரவரே பூசவேண்டும் என்பது விதி. மனிதரோ எதிலும் அவசரக்காரர். ‘பரபரப்பு’ என்பதே தோழர்கள் அவருக்கு வைத்த பெயர். கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். கூட இருந்த மைத்துனர் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து தங்கை, போன மனிதரோடு சண்டைபோட்டே வாழ்ந்தாள். மகள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாலும், “அப்படியே உங்கப்பன். நின்னு பூசியிருந்தா இன்னைக்கு இருந்திருப்பாரு” என்பாள்.

அந்த மகள் வளர்ந்து, அதே பற்றவைப்புப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் வாரமே ஒரு மாலை, மாடியேறி வந்து பேசாமல் உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு, கையைச் சுட்டுக்கிட்டியா?”

“இல்ல மாமா. பூச்சு ஒரு ஓரத்துல விட்டுப்போச்சு. பயிற்சியாளர் பாத்துட்டு, ‘நீ என்ன, பரபரப்பு பெத்த பொண்ணா?’ன்னு கேட்டார்.”

“நீ யாருன்னு அவருக்கு...”

“தெரியாது. அங்க யார் தப்பு பண்ணாலும் அப்படித்தான் கேப்பாங்களாம். அப்பாவோட கொக்கியக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு, ‘கவனக்குறைவு’ன்னு அட்டை வெச்சிருக்காங்க. எல்லாரும் சிரிச்சாங்க.” அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நானும் சிரிச்சேன் மாமா. சிரிக்கலைன்னா தெரிஞ்சுடும்ல.”

அவர் எழுந்தார். படியிறங்கிப் போய், அடுப்படியில் நின்ற தங்கையை அழைத்தார்.

“மாப்பிள்ளை பூசியிருந்தாரும்மா. பொடி உதிர்ந்து இணைப்புல விழுந்தா பத்தவைப்பு கெட்டுடும்னு நான்தான் கொக்கியை வாங்கித் துடைச்சேன். பளபளன்னு துடைச்சேன். திரும்பப் பூசித் தர்றேன்னு சொன்னேன். அவரும் நம்பி மாட்டிக்கிட்டாரு. நான் மறந்துட்டேன்.”

தங்கை அடுப்பை அணைத்தாள்.

“இத்தனை வருஷமா அவரைத் திட்டினேன். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே கேட்டீங்க.”

“ஆமா.”

“இனி நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறது?”

 முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “எனக்குச் சொல்லி என்ன? சிரிச்சவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.” ‘அண்ணா’ என்று அவள் அழைக்கவில்லை.

மறுநாள் காலை, தங்கையும் உடன்வர, பயிற்சிக்கூடத்தில் இளைஞர்கள் முன் நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார்.   பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்ப முடியாமல் தரையைப் பார்த்தார்.

“பூச்சை விட்டவங்களக் கேலி பண்ணணும்னா, இனி என் பேரைச் சொல்லுங்க. அவர் பேரை விட்டுடுங்க.”

பெட்டியைத் திறந்து பழைய அட்டையை எடுத்துக் கிழித்தார். புதிய அட்டையில் எழுதி, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த தங்கையிடம் கொண்டுபோய் நீட்டினார். ‘இவர் பூசியிருந்தார். உடன் சென்றவர் துடைத்துவிட்டார்’ என்றிருந்தது.

அவள் விரல் வைத்துப் படித்தாள்.

“உடன் சென்றவர்னா யாரு? அவருக்குப் பேர் கிடையாதா?”

அவர் அட்டையைத் திரும்ப வாங்கி, மேசையில் வைத்து, தம் பெயரை முழுவதுமாக எழுதினார்.