சத்தம் போடாமல் ஒரு சண்டை

கூடாரத்தின் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தபோது அண்ணனின் கார் வந்து நின்றது. வருவான் என்று எனக்குத் தெரியும். சொன்ன வாக்கை அவன் எப்போது காப்பாற்றியிருக்கிறான்?

கணவர் இறந்ததும், "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போ" என்று என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பின் அறையைக் கொடுத்தான். என் வீட்டுச் சாவி அவன் சட்டைப் பைக்குப் போனது. இப்போது அங்கே குடிவைக்க ஆளும் பார்த்துவிட்டான். நான் என் வீட்டுக்கே போகிறேன் என்றதற்கு எல்லோர் முன்னாலும் சிரித்தான். "ஒரு ராத்திரி தனியா இருந்து காட்டு, சாவியத் தர்றேன்." மறுநாளே கூடாரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து இந்த மலைக்காட்டு முகாமுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். மில்லுக்கு மேலேயே வீடு. மெஷின் இரைச்சலில் கத்தினால்தான் சோறுகூடக் கிடைக்கும். என் படிப்பு, கல்யாணம் எல்லாம் அண்ணனின் தொண்டை முடிவு செய்தவை. எனக்கு வாய்த்தது கீச்சுக் குரல். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நோயாளிகளை மிரட்ட மட்டும் அது போதும்.

"பாப்பா! கெளம்பு!"

எனக்கு நாற்பத்தாறு வயது. மரத்திலிருந்த பறவைகளெல்லாம் எழுந்து பறந்தன. பக்கத்துக் கூடாரத்துப் பெண் வாயில் விரல் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். காவலாளி ஓடி வந்து பலகையைக் காட்டினார். இங்கே உரக்கப் பேசக் கூடாது.

"சார், இன்னொரு தடவ சத்தம் வந்துச்சுன்னா கூடாரத்தக் காலி பண்ணச் சொல்லிடுவேன்."

அவ்வளவுதான், அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கத்தல் போதும், நான் வெளியே. அவன் மார்பை விரித்து வாயைத் திறந்தான்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க" என்றேன்.

வேலையில் சொல்கிற அதே குரல். போன மாதம்தான் அவனுக்கு நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தேன். பழக்க தோஷம், கன்னம் உப்ப அப்படியே நின்றுவிட்டான்.

"நீ கத்தி, இங்கேருந்து என்னைத் துரத்தினாலும் உன் வீட்டுக்கு வரமாட்டேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல படுப்பேன். அதுவும் தனியாத்தான். புரியுதா? இப்ப மூச்ச விடு."

விட்டான். கத்தல் எங்கோ போய்விட்டிருந்தது.

"பயமா இருக்கு பாப்பா" என்றான், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். "மாப்பிள்ளையும் போயிட்டாரு. உனக்கும் ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

அந்தத் தொண்டையில் இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனசு இளகியது, பொய் சொல்வானேன். ஆனால் மனசு இளகியதற்காக வீட்டைத் தூக்கிக் கொடுக்க முடியுமா?

"பயம் உனக்குத்தானே? நீ வந்து என் வீட்ல இரு. பின் ரூம் காலியாத்தான் இருக்கு."

முறைத்தான். நான் கையை நீட்டினேன்.

"காலைல தர்றேன்."

"இப்பவே."

காவலாளி இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கார் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான்.

"கரடி கிரடி வந்தா என்ன பண்ணுவே?"

"கத்துவேன்" என்றேன். "நானும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே."