எல்லாரும் சரியாகப் போட்ட கணக்கு

வகுப்புக்கு முதல் நாளே மாணவிகள் இணையத்தில் விடை அனுப்பிவிட வேண்டும். எங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று காலையில் பார்த்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவாள் அவள். நர்சிங் கல்லூரியில் மருந்துக் கணக்கு நடத்தும் ஆசிரியை. இன்றைக்கென்று பார்த்து ஒருத்திகூட விழவில்லை. அத்தனை பேரும் அறுபது மில்லி என்றே எழுதியிருந்தார்கள். அவள் போட்டு வைத்திருந்த விடையும் அதுதான்.

இன்றைக்குத்தான் முதல்வரம்மா வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். வேலை நிரந்தரமா, மூட்டையைக் கட்டுவதா என்பது அந்த ஒரு வகுப்பில்தான் இருக்கிறது. டீயை ஆறவிட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக அலைந்தாள்.

"நாலு பேர் தப்பாப் போட்டாத்தான் உனக்குப் பொழப்பு ஓடுமா?" என்றான் கணவன், ஒரு கால் சாக்ஸைத் தேடியபடி.

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. அங்க போய் நான் எதை நடத்துறது?"

'எது புரியவில்லை?' என்ற கடைசிக் கேள்விக்கு எல்லாரும் 'ஒன்றுமில்லை' என்று தட்டிவிட்டிருந்தார்கள். வகுப்பில் வாயே திறக்காமல் பேசாமடந்தை என்று பேர் வாங்கியவள் மட்டும் வேறொன்று எழுதியிருந்தாள்: 'ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரே தடவையில் முழு பாட்டிலா மேடம்? நான்தான் எங்கோ தப்புச் செய்கிறேன் போல.'

ஆசிரியை தான் அனுப்பிய கேள்வியைத் திரும்பப் படித்தாள். காய்ச்சல் மருந்துக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் என்பதை நூற்றைம்பது என்று அடித்திருந்தாள். விடையையும் அதை வைத்தே போட்டுத் தொலைத்திருக்கிறாள். ஆறு மில்லி வர வேண்டிய இடத்தில் அறுபது.

விஷயத்தைக் கேட்டதும் கணவன் சாக்ஸை மறந்தான். "சத்தம் காட்டாம திருத்திடு. அந்தம்மா பார்க்கவா போறாங்க?"

திருத்திவிடலாம்தான். விரல் போனில் அந்த எண்ணின் மேலேயேதான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது, பயம் அதற்கு மேல். போனைப் பைக்குள் எறிந்துவிட்டுக் கிளம்பினாள்.

வகுப்பில், பயிற்சிக்கு வைத்திருக்கும் குழந்தைப் பொம்மையை மேசையில் கிடத்தினாள். பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய மருந்து பாட்டில், ஒரு ஸ்பூன். பின்வரிசையில் முதல்வரம்மா.

"உங்க விடைப்படி ஊட்டுங்க. ஆளுக்கு ஒரு ஸ்பூன்."

முதலில் சிரித்தார்கள். பாட்டில் பாதியானபோது சிரிப்பு நின்றிருந்தது. பேசாமடந்தையின் முறை வந்ததும் கை அந்தரத்தில் நின்றது.

"வேணாம் மேடம். செத்துடும்."

"கேள்வியைத் தப்பாப் போட்டது நான்." பின்வரிசைப் பக்கம் அவள் பார்க்கவில்லை. "உனக்குத்தான் சந்தேகம் வந்துச்சே. அப்புறமும் ஏன் அறுபதுன்னு எழுதின?"

"நீங்க போட்ட கணக்காச்சே மேடம்."

"டாக்டர் எழுதிக் கொடுத்ததா இருந்தா?"

அந்தப் பெண் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கொடுத்திருப்பேன், மேடம்."

முதல்வரம்மா ஏதோ எழுதத் தொடங்கினார். அதைக் கவனிக்கவே ஆசிரியைக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் கையிலிருந்து ஸ்பூனை மெதுவாக வாங்கினாள்.