காத்திருந்தவர்கள் பக்கம்

திரைத்துணிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியனுக்கு, உள்ளே நர்ஸ் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. பார்வை போன பிறகு காதுதான் அவனுக்கு எல்லாம். எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரியவந்த ஒரு பெண். அழுது ஓய்ந்த குரல்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே, இப்பவே மாத்திரை எதுக்கு சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாடியே போடணும்மா. இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்."

சில வருஷங்களுக்கு முன் அவனுக்கும் இதே எச்.ஐ.வி. தெரியவந்தபோது, இதே நர்ஸ் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அணுக்கள் நிறையவே இருக்கின்றன, குறைந்த பிறகு மாத்திரை தரலாம் என்றாள். அன்றைய விதி அது. அவனும் சொன்ன நாளில் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தான். "மீட்டர் ரீடிங் எடுத்துக்குங்க சிஸ்டர்" என்று கையை நீட்டுவான், அவளும் சிரிப்பாள். பிறகு, இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே, அணுக்கள் மளமளவென்று சரிந்தன. கண்ணுக்குள் கிருமி புகுந்தது. அப்புறம் கொடுத்த மாத்திரை உயிரைப் பிடித்து நிறுத்தியது; பார்வையைத் திருப்பித் தரவில்லை. கடைத்தெருவில் பாதி விளக்குகள் அவன் இழுத்த ஒயரில்தான் எரிகின்றன. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அதைக் கடந்து வருகிறான்.

நர்ஸ் வெளியே வந்ததும் கேட்டான். "விதி மாறிடுச்சா சிஸ்டர்?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாறிடுச்சு. காத்திருந்தவங்களுக்கு என்ன ஆச்சு, சீக்கிரம் ஆரம்பிச்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பல ஊர்ல வருஷக்கணக்கா கவனிச்சுட்டு வந்தாங்க. நம்ம ஆஸ்பத்திரி விவரமும் போச்சு, நீங்ககூட சம்மதிச்சீங்களே. அப்புறம் சிலருக்கு உடனே, சிலருக்குப் பிறகுன்னு பிரிச்சு மாத்திரை கொடுத்து, தனியா சோதிச்சும் பார்த்தாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சவங்கதான் நல்லா இருக்காங்க."

"அப்ப நான் காத்திருந்தவங்க பக்கம்."

"ஆமா."

"ஒரு தடவைகூட நான் வராம இருந்ததில்லை."

"தெரியும்" என்றாள்.

அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என் தம்பி கண்ணு போறதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"விடுக்கா" என்றான். நாலு பேருக்காவது உதவியாயிற்று என்று நினைத்துப் பார்த்தான். அந்த நினைப்பு மனதில் ஒட்டவில்லை.

துணி விலகும் சத்தம் கேட்டது. டப்பாவுக்குள் மாத்திரைகள் குலுங்க, காலடி ஒன்று தயங்கித் தயங்கி அவனை நோக்கி வந்தது. வழியில் நீட்டியிருந்த கால்களை அவன் உள்ளே இழுத்துக்கொண்டான்.