தாரை வார்த்த அக்ரூட் எண்ணெய்

1924ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமையிலிருந்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் சபாபதி மேஸ்திரியின் மேல் தண்ணீர் ஒட்டுவதில்லை. அதற்குக் காரணம் அய்யாவு என்கிற நான்தான். ஊரில் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

மேஸ்திரிக்குச் செந்தூல் பட்டறையில் ரயில் பெட்டிகளின் தேக்குப் பலகைகளுக்கு மெருகேற்றும் வேலை. எனக்கு அதே பட்டறையில் ஸ்டோர் கிராணி வேலை, அதாவது சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. சீமைக்குத் திரும்பிய ஓர் எஞ்சினியர் துரை, மேஸ்திரியின் கைவேலையை மெச்சி ஒரு டின் அக்ரூட் எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்மஸ் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் உடைத்துத் தின்பார்களே, காயவைத்த மூளை போல ஒரு கொட்டை, அதை ஆட்டி எடுத்தது. மரத்தில் தடவினால் நல்லெண்ணெய் போலப் பிசுபிசுக்காது. காய்ந்து இறுகி, கண்ணாடித் தோலாகப் படிந்துவிடும். மகள் தனலெட்சுமியின் கல்யாணத்துக்கென்று தாமே செய்துகொண்டிருந்த தேக்குக் கட்டிலுக்காக அந்த டின்னை அடுப்படியில், நல்லெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மூன்று கால்களுக்குத் தடவி முடிந்திருந்தது. மாப்பிள்ளை யார் என்பது முடிவாகவில்லை. நானாக இருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் குடியிருப்பில் வேறு யாருக்கும் அப்போது இருக்கவில்லை.

ஆகவே சனிக்கிழமைகளில் மேஸ்திரி எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்காரும் நேரம் பார்த்து நான் போய் நிற்பேன். மருமகனாக வரப்போகிறவன் பணிவுள்ளவன் என்று தெரிய வேண்டாமா? அன்று அவர் மனைவி இராஜம்மா குழாயடிக்குப் போயிருந்ததால், மிளகும் சீரகமும் போட்டு எண்ணெய் காய்ச்சும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு டின்னும் ஒரே அளவு. ஒன்றின் மேல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதால்தான் எனக்குக் கிராணி வேலை கொடுத்தார்கள் என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். தம் தலையில் அடுத்தவர் கை வைப்பது மேஸ்திரிக்குப் பிடிக்காது. நான் கரண்டியால் ஊற்ற, அவரே உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டார்.

"என்ன தம்பி, வாசம் ஒரு மாதிரியா இருக்கு?"

"புது எண்ணெய் மாமா. நல்லா ஊறட்டும்."

முதல் தடவையாக அவரை மாமா என்று கூப்பிட்டுவிட்ட மகிழ்ச்சியில் இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் வெயிலில் உட்கார்ந்து ஊறினார். எண்ணெய் தன் சுபாவப்படி காய்ந்து இறுகியது. பிறகு அவர் சீயக்காயைக் குழைத்து வைத்துக்கொண்டு முதல் வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார். தண்ணீர் உச்சிக்கு ஒரு சாண் மேலே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் தரையில் விழுந்தது. தெருக்குழாய் வறளும் வரை பிடித்துப் பிடித்து ஊற்றினோம். நான்தான் நனைந்தேன்.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. குடிக்கிற தண்ணீர் மட்டும் அவருக்குள் ஒழுங்காகப் போனது. வாயில் எண்ணெய் ஊற்றாதது என் முன்யோசனை என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் ஏற்கவில்லை. கோலாலம்பூரில் மத்தியான மழை தவறாது என்பதால், பட்டறை விட்டு வரும்போது அவருடைய இரண்டு தோள்களையும் ஒட்டிக்கொண்டு நடக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். எண்ணெயின் மற்ற உபயோகங்களையும் ஊர் ஆராய்ந்து பார்த்தது. சண்முகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒரு கிண்ணம் வாங்கிப்போய் வழுக்கையில் தடவினார். முடி வரவில்லை, மெருகு வந்தது. பெயர்ப்பலகை எழுதும் சீனர் சாயத்தில் குழைத்தார்; எழுத்து வெடிக்காமல் நின்றது. இராஜம்மா தோசைக்கு விட்டுப் பார்த்தார். லேசான கசப்பு, மற்றபடி குற்றமில்லை. தண்ணீரை விரட்டும் குணம் மட்டும் வேறு எங்கும் தலைகாட்டவில்லை.

அடுத்த வருஷம் மேஸ்திரியின் அண்ணன் சின்னையா கிள்ளானில் காலமானார். மேஸ்திரி போய்க் கொள்ளி வைத்துவிட்டு வந்தார். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் தலை முழுகாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. இராஜம்மா வாளியோடு வாசலில் நின்றார்.

"குளிச்சிட்டு உள்ள வாங்க."

"எங்கடி குளிக்கிறது? என்னைப் பாத்தாலே தண்ணி ஓடுது."

தீட்டு அவரோடேயே தங்கிவிட்டது. பின்கட்டுக் கொட்டகையில், மூன்று கால் மின்னும் கட்டிலில் அவர் படுத்துக்கொண்டார். சாப்பாடு அங்கேயே போனது. கோயிலுக்குள் போக முடியவில்லை, விளக்கைத் தொட முடியவில்லை. மழையில் அவர் தோளை உரசிக்கொண்டு நடந்தவர்கள் இப்போது எட்டி நனைந்துகொண்டே போனார்கள். எல்லாவற்றையும் விட, மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியவில்லை. கல்யாணத்தில் பெண்ணின் அம்மா தண்ணீர் ஊற்ற, அது அப்பாவின் கை வழியாக, பெண்ணின் கை வழியாக, மாப்பிள்ளையின் கையில் இறங்க வேண்டும். தீட்டுள்ள கை, அதிலும் தண்ணீர் ஒட்டாத கை. எனக்குப் பெண் கேட்டு என் சித்தப்பா போனபோது மேஸ்திரி கோபப்படவே இல்லை. "தலை முழுகாதவன் எப்படிங்க பொண்ணக் குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டாராம். அவர் நாலு அறை அறைந்திருந்தால் அன்றிரவு நான் தூங்கியிருப்பேன்.

தனலெட்சுமியிடமாவது ஒரு பதில் வாங்கிவிடலாம் என்று அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்வது அவளுடைய வழக்கம்.

"தனம், என்னைப் பிடிச்சிருக்கா இல்லையா?"

"எங்கப்பா நனைஞ்சாரா?"

"இல்லை."

"அவர் நனையட்டும், சொல்றேன்."

"நனையாட்டி?"

"இப்ப கையில என்ன டின்னு வச்சிருக்கீங்க?"

அது டர்பன்டைன், பட்டறையில் மெருகைக் கரைக்க வைத்திருப்பது. மேஸ்திரியை நனைக்க எடுத்த முயற்சிகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன் எலுமிச்சம்பழம், சுண்ணாம்புத் தண்ணீர், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. தோல் சிவந்ததே தவிரத் தண்ணீர் கிட்டே வரவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை ஆற்றில் இறக்கினோம். ஆறு விலகி வழி விட்டது. கிள்ளானுக்கு அப்பால் கடலுக்கே கூட்டிப்போனேன். அவர் நடந்துகொண்டே போய் ஆளுயரக் குழியில் காய்ந்த மணலில் நின்றார். சுற்றிலும் தண்ணீர்ச் சுவர், அதில் மீன்கள் மாட்டிவைத்த படம் மாதிரி அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மேலே வந்து, "நண்டு ரொம்ப பெருசு தம்பி" என்றார்.

1926 மார்கழியில் ஆறு கரையேறி ஊருக்குள் வந்தது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் கட்டில்கள் மிதந்தன, கோழிக்கூண்டுகள் மிதந்தன, கூரை மேல் ஏறி நின்று நானும் கத்திக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கொட்டகையிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். அவரைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தண்ணீர் விலகியது. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவராகக் கரைசேர்த்தார். தொட்டால் தீட்டு என்று எட்டி நின்றவர்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். மலாய்க்காரப் போலீஸ்காரரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயர்ப்பலகைச் சீனர் ஒரு பன்றிக்குட்டியோடு வந்தார். கோயில் குருக்களுக்குக் கால் வழுக்கிவிட்டதால் அவரை முதுகிலேயே தூக்கிக்கொண்டார். சண்முகரத்தினம் தம் ஆர்மோனியப் பெட்டி இல்லாமல் வர மறுத்து, மேஸ்திரியிடம் முதன்முதலாகத் திட்டு வாங்கினார். என்னைக் கடைசியில் கூட்டிப்போனார். "நீ நனைஞ்சு பழகுனவன்தானே" என்றார்.

தண்ணீர் வடிந்ததும் ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. மேஸ்திரிக்குத் தீட்டு என்றால் அவரைக் கட்டிக்கொண்டு வந்த எல்லாருக்கும் தீட்டு; முதுகில் சவாரி செய்த குருக்களுக்கு முதல் தீட்டு. குருக்கள் நெடுநேரம் யோசித்தார். கிராணியார் சங்கடத்தோடு ஆர்மோனியத்திலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

"ஆறே நேரா வந்து ஊரைக் குளிப்பாட்டிட்டுப் போயிருச்சு," என்றார் குருக்கள். "வந்த தண்ணி இவர் மேல படலைன்னா அது தண்ணியோட குத்தம்லா. இவர் என்ன செய்வார்? தீட்டுக் கழிஞ்சது. உள்ள வாங்க மேஸ்திரி."

மேஸ்திரி அன்று தம் வீட்டு வாசற்படியைத் தாண்டி, அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். இராஜம்மா அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் கேட்காதபோதும் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கும் பசித்தது.

தையில் கோயிலில் கல்யாணம். எனக்குத்தான். அதற்குள் ஊருக்கும் அந்த அபிப்பிராயம் வந்திருந்தது. தாரை வார்க்கும் நேரத்தில் இராஜம்மா செம்பைச் சாய்த்தார். தண்ணீர் கணவரின் கையை நெருங்கியதும் திரும்பிப் பாய்ந்து என் மடியில் விழுந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடி என் மடி. குருக்கள் என்னைப் பார்த்தார், ஊரும் என்னைப் பார்த்தது. மேஸ்திரி நீட்டிய கையை மடக்கப் போனார். மணவறையில் தலைகுனிந்திருந்த தனம் தலை நிமிராமலே கேட்டாள்:

"தண்ணிதானே ஒட்டாது? எண்ணெய் ஒட்டும்ல?"

கட்டிலின் நாலாவது காலுக்கென்று வைத்திருந்த மிச்ச எண்ணெய் வந்தது. எண்ணெய் என்றதும் பழக்க தோஷத்தில் இராஜம்மா மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சியே கொண்டுவந்தார். அது மேஸ்திரியின் கையில் நின்றது, நிதானமாக வழிந்தது, தனத்தின் கையை நனைத்து என் கையில் இறங்கியது. மேஸ்திரி மூச்சுவிட்ட சத்தம் நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் இருவரின் வலது உள்ளங்கையும் நனைவதில்லை. சோறு பிசைந்த பிறகு துடைத்துக்கொள்கிறோம். கட்டிலின் நாலாவது கால் இன்றும் மெருகில்லாமல்தான் இருக்கிறது.

கோயிலிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி முன்னால் போய், "ஒட்டி வாங்க, ரெண்டு பேரும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒரு முழ இடத்தில் நாங்கள் இருவரும் மாலையோடு நெருக்கிக்கொண்டு நடந்தோம். மேளக்காரர் முதல் குருக்கள் வரை ஊர் முழுவதும் பின்னால் தொப்பலாக வந்தது. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நான் குனிந்து, "தனம், உங்கப்பா கடைசி வரைக்கும் நனையவே இல்லையே. நான் கேட்டதுக்குப் பதில்?" என்றேன்.

"மெதுவா கேளு மாப்ளே, எனக்கும் காது இருக்கு," என்றார் மேஸ்திரி, திரும்பாமலே.

தனம் கசங்கிய மாலையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அப்பாவுக்கும் கேட்கட்டும் என்பது போலவே சொன்னாள்:

"பிடிச்சிருக்கு."