தையல்காரியின் இடது முட்டி

1

இந்தக் காலத்தில் எவனும் நேராக நடப்பதில்லை. எங்காவது எதையாவது கொடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், நேற்றுவரை ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவன் இன்று ஒரு காலை இழுத்துக்கொண்டு வருகிறான். கொடுக்கிறவன் கதவைச் சாத்தியதும் கால் குணமாகிவிடுகிறது. பார்த்துப் பார்த்து, மனிதர்களுடைய கால்மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

கதை எப்படிப் பிறந்தது என்று முதலில் சொல்லிவிடவேண்டுமாம். இது ஒரு முட்டியிலிருந்து பிறந்தது. அதுவும் என் முட்டி இல்லை.

நான் ஐந்தாவதுவரை படித்தவன். அப்புறம் சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் கீழே பலகை அடித்து, கம்பத்தால் தாங்கல் கொடுக்கிற வேலை. கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவோம். குடிவருகிறவனுக்கு நாங்கள் இருந்த தடயமே தெரியாது. கதையையும் அப்படித்தான் எழுதவேண்டும் என்கிறார்கள். நான் பலகையைப் பிரிக்கப்போவதில்லை. பிரித்தால் நிற்குமா என்று எனக்கே சந்தேகம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

“காலைச் சூரியன் புதிய அடுக்குமாடியின் உச்சியை மெல்ல முத்தமிட்ட”

அடித்துவிட்டேன். சூரியன் எதையும் முத்தமிட்டு நான் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் கம்பி கட்டியவனைக் கேளுங்கள், அது என்ன செய்யும் என்று சொல்வான்.

அடுத்தது:

“ஒரு ஊரில் ஒரு பொய்க்காரி இருந்தாள்.”

இது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முதல் வரியிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டால் மீதிக்கு நீங்கள் எதற்கு உட்கார்ந்திருக்கவேண்டும்? அதனால் மாற்றினேன்:

“ஒரு ஊரில் முட்டி வலிக்கிற ஒருத்தி இருந்தாள்.”

இதுவும் தீர்ப்புதான். அந்தப் பக்கத்துத் தீர்ப்பு.

ஆகவே ஆரம்பம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

3

நாங்கள் ஒரே கூரையின்கீழ் நீளமாகப் போகிற வரிசை வீடுகளில் இருந்தோம். அதை இடித்து, அதே இடத்தில் ஏழு மாடி கட்டி, ஆளுக்கு ஒரு வீடு தருவதாகச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கட்டினார்கள். அப்போதும் நம்பவில்லை. இப்போது உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டேன். ஏதோ கட்டியிருக்கிறார்கள்.

வீடு பிரிப்பதற்கு ஒரு விதி வைத்தார்கள். எழுபது வயது தாண்டியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கீழ்த்தளம். மற்றவர்களுக்குக் குலுக்கல். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, அதனால் கீழ்வீடு தானாக வந்தது. மற்றவர்களின் காலைப் பார்க்க ஒரு டாக்டரை அழைத்து வந்தார்கள்.

அன்று நீங்கள் வந்திருக்கவேண்டும். வரிசை மொத்தமும் நொண்டியது. மூட்டை தூக்குகிறவன் நொண்டினான். தண்ணீர் லாரி வந்தால் முதல் ஆளாக ஓடுகிறவள் மருமகள் தோளில் தொங்கினாள். ஒருவன் போகும்போது வலது காலையும் வரும்போது இடது காலையும் இழுத்தான். டாக்டர் பாவம், அவருக்கே நடை மாறிவிட்டது.

அத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி மட்டும் நேராக நடந்தாள். அவள்தான் இந்தக் கதையின் ஆள். தையல்காரி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, காலால் மிதிக்கிற மெஷின் ஒன்று உண்டு. குலுக்கலில் அவளுக்கு ஏழாவது மாடி விழுந்தது.

(எங்கள் வரிசையில் அவளுக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். எப்போது போய்த் துணியைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். என் சட்டைக்குக் காலர் மாற்றக் கொடுத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி, காலரே இல்லாத சட்டை நாகரிகமாகிற வரைக்கும் இழுத்தாள். எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘ரசமட்டம்’, கொத்தனார் மட்டம் பார்க்கிற கருவி. எதையும் கோணலாக இருக்கிறதா என்று ஒரு தடவை வைத்துப் பார்ப்பேனாம். அதில் என்ன தப்பு?)

4

குலுக்கல் முடிந்த மறுநாள் வந்தாள்.

“அண்ணே, உங்க கீழ்வீட்ட எனக்கு மாத்திக் குடுங்க. என் ஏழாவது மாடிய எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் சேந்து போய்ச் சொன்னா ஆபீசுல மாத்திக் குடுக்கிறாங்களாம்.”

“எதுக்கு?”

“முட்டி முடியலண்ணே. இடது முட்டி.”

“நாளெல்லாம் மெஷின் மிதிக்கிறியே, அப்ப முடியுதா?”

“மிதிக்கிறது பாதம். ஏறுறது முட்டி.”

“டாக்டர் வந்தன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி நடந்தே. நான்தான் பாத்தேனே.”

“அன்னிக்கு வரிசையே நொண்டிச்சு. அதுல நானும் நொண்டினா எவன் நம்புவான்? நாம நேரா நடப்போம், படிச்ச மனுஷன் முட்டியத் தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சிக்குவாருன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். அவரு தொடவே இல்ல. நடையப் பாத்தாரு. நல்லாத்தானே இருக்கே, போம்மான்னுட்டாரு.”

இதைக் கேட்டதும் எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது. ஒன்று, உண்மையில் வலிக்கிறவள்தான் இப்படி முட்டாள்தனம் பண்ணுவாள். இரண்டு, நல்ல பொய்க்காரிதான் இப்படி ஒரு காரணம் தைப்பாள்.

“கீழ்வீடு கெடச்சா ஜன்னல்லயே கடை போடலாம். அதானே கணக்கு?”

“அதுவும்தான். கடை வேணும்னு நெனக்கிறவளுக்கு முட்டி வலிக்கக் கூடாதா?”

“லிஃப்ட் இருக்குல்ல?”

“எந்த லிஃப்டும் ரெண்டு வருஷம் தாண்டி ஓடாதுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறது யாரு? நீங்கதானே?”

நான்தான். அது உண்மையும்கூட. எத்தனை கட்டடத்தில் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் கண்ணாடி வைத்துப் பளபளவென்று ஓடும். அப்புறம் ரிப்பேருக்கு யார் கொடுப்பது என்று சண்டை வந்து, கதவில் அட்டை தொங்கும்.

“நீங்க எதுக்குண்ணே கீழ்வீட்டயே கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?”

“மேல்தளம் எப்படிப் போடுறாங்கன்னு எனக்குத் தெரியும். நம்பி ஏற மாட்டேன்.”

“மேல இருக்கிறது விழுந்தா, கீழ்வீட்டு மேலதாண்ணே விழும்.”

(இந்த இடத்தில் நான் சுருக்கென்று ஒரு பதில் சொன்னதாக எழுதியிருந்தேன். அந்தப் பதில் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. அடித்துவிட்டேன்.)

“யோசிச்சுச் சொல்லுங்க. சாவி கைக்கு வந்துட்டா அப்புறம் மாத்த மாட்டாங்களாம்.”

“நாளைக்குச் சொல்றேன்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “இது என் வார்த்தையாச்சே” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். நொண்டிக்கொண்டு போனாளா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவே சாய்வுதான்.

5

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்கு முட்டி வலிக்குதா?” என்றாள்.

“இல்ல.”

“எனக்கும் இல்ல. அப்புறம் என்ன?”

“அவ பொய் சொன்னா?”

“சொன்னா சொல்லிட்டுப் போறா. நாம ஏழாவது மாடியில காத்து வாங்குவோம்.”

“ஏமாந்தவன்னு ஊரு சிரிக்கும்.”

“ஏழாவது மாடிக்கு அது கேக்காது. அவ சொல்றது நெசமா இருந்து, நீங்க குடுக்காம விட்டா? அவ மேல கெடப்பா, நீங்க தெனம் கீழ நின்னு அண்ணாந்து பாப்பீங்க. அது பரவால்லயா?”

“நீயும் அவளும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?”

அவள் ஒரு தட்டைச் சுற்றாமல் கீழே வைத்தாள். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

6

அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நேரில் அவளை நான் பார்க்கும்போதெல்லாம், நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கதையில் அப்படி இல்லை. யாருமே இல்லாத மாடிப்படியில் அவளைத் தனியாக ஏறவிட்டு, நான் மட்டும் பார்க்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு என்று சொல்கிறார்கள்.

ஏறவிட்டேன்.

“அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மூன்றாவது மாடியில் அவளுக்கு ரசமட்டத்தின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல்”

படித்துப் பார்த்தேன். நம்பும்படி இருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று இன்னொரு தடவை ஏறவிட்டேன்.

“அவள் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். ஒவ்வொரு படிக்கும் அப்படியே. கைப்பிடிச் சுவரில் உள்ளங்கை தேய்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியில் நின்று, மேலே இன்னும் எவ்வளவு என்று பார்க்காமல்”

இதுவும் நம்பும்படி இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. என் கையால் எழுதியதற்கு நானே அழுகிறேன், வெட்கக்கேடு.*

இரண்டும் என் பேனாதான், இரண்டும் ஒரே படிதான். அன்றிலிருந்து எழுத்தாளர்கள்மேல் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. வாயால் பொய் சொல்கிறவனைக் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். காகிதத்துக்குக் கண் எங்கே இருக்கிறது?

* இந்த இடத்தில் உங்களுக்கும் ஏதாவது தோன்றியிருந்தால், அவள் படியேறுகிற அந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள். எதை நம்பினீர்கள்?

7

சரி, கதை வேண்டாம், நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று போனேன்.

சாவி தருவதற்கு முன்னால், அவரவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் திறந்துவிட்டிருந்தார்கள். லிஃப்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. எல்லாரும் படியில்தான் ஏறவேண்டும். நான் முன்னாலேயே போய், நாலாவது மாடி திருப்பத்தில், சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். கீழே இருந்து வருகிறவர்களை நான் பார்க்கலாம். அவர்கள் கண்ணில் நான் படமாட்டேன்.

வந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

முதல் மாடியில் நின்றாள். இரண்டாவது மாடியில் நின்றாள். மூன்றாவதிலும் நின்றாள். நான் மனசுக்குள் ‘சரி, வலிதான்’ என்று முடிவுகட்டப்போனேன். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. அவள் நின்ற இடமெல்லாம் ஜன்னல். முட்டிக்காக நிற்கிறாளா, வெளியே பார்க்க நிற்கிறாளா? புது வீடு பார்க்க வருகிற யாரும் ஜன்னலில் நிற்கத்தான் செய்வார்கள். அந்த ஜன்னல்களை அங்கே வைத்தவன் என் கையில் கிடைத்தால்...

“யாரு, ரசமட்டம் அண்ணனா?”

மாட்டிக்கொண்டேன்.

“இங்க என்ன பண்றீங்க?”

“சுவரு பாக்குறேன்.”

“சுவரா, என் முட்டியா?”

நான் சுவரைத் தட்டினேன். வேறென்ன செய்வது?

அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் வேர்வை. அன்று எல்லாருக்கும் வேர்த்தது. “காத்து நல்லா வருதுண்ணே” என்றாள்.

“அப்ப இங்கேயே இருந்துக்கோயேன்.”

“இருந்துக்குவேன். எறங்காமயே இருந்துக்குவேன்.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். “நீங்க நாலு மாடி ஏறி வந்திருக்கீங்களே, உங்களுக்கு வலிக்கலையா?”

“இல்ல.”

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். என் முட்டி கீழேயிருந்து மேலேவரை ஒரு வார்த்தை பேசவில்லை. துரோகி.

“குடுத்து வெச்சவரு” என்று சொல்லிவிட்டு, அவள் மேலே போனாள். காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஐந்தாவது மாடியில் நின்றது. ஆறாவதிலும் நின்றது. அங்கேயும் ஜன்னல் உண்டு.

8

சாவி கொடுக்கிற நாள். ஆபீஸில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு குடும்பம்; எனக்குப் பின்னால் அவள். உடம்பின் பாரத்தை வலது காலில் போட்டு, இடது காலை லேசாக மடக்கி நின்றாள். வரிசையில் வெகு நேரம் நிற்கிற எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன் என்று அப்புறம்தான் பார்த்தேன்.

அன்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. “என்னண்ணே முடிவு” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் “இல்லை” என்று சொல்ல எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி இரண்டு சாவிகளையும் எடுத்து வைத்தார். “பெரியவரே, கீழ்வீடு உங்களுக்கு, ஏழாவது மாடி இந்தம்மாவுக்கு. மாத்திக்கலாமான்னு இந்தம்மா கேட்டுட்டுப் போனாங்க; மாத்திக்கிறதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதீங்க.”

நான் வாயைத் திறந்தேன்.

(இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

‘மாற்றிக்கொள்கிறோம்’ என்று சொன்னதாக எழுதினால், கிழவன் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தான் இத்தனை காகிதத்தை வீணாக்கினான் என்பீர்கள். ‘இல்லை’ என்று சொன்னதாக எழுதினால், இவன் உண்மையில் கொடுத்திருப்பான், கதைக்காக முரடனாக நடிக்கிறான் என்பீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் சொல்வேன். வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும் முன்னால், உங்கள் முட்டியை ஒரு தடவை மடக்கி நீட்டிப் பாருங்கள்.)

சொல்லவேண்டியதைச் சொன்னேன். அதிகாரி தள்ளிய சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். மற்றதை அவள் எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டுகிறபோது பின்னால் அவள் குரல் கேட்டது.

“நல்லா இருங்கண்ணே.”

மனசு குளிர்ந்தவளும் அதைத்தான் சொல்வாள். வயிறு எரிகிறவளும் அதைத்தான் சொல்வாள்.

திரும்பியிருந்தால், அவள் எப்படி நடந்து போகிறாள் என்று தெரிந்திருக்கும். திரும்பவில்லை. பார்த்திருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்.