சம்பந்தி வீட்டுத் தக்காளி

கூமாப்பட்டியில் தக்காளி விதை வேண்டும் என்றால் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். தாத்தா காலத்திலிருந்தே அதற்குப் பட்டாளத்து வீட்டுத் தக்காளி என்று பேர். கையகலப் பழம், மடிப்பு மடிப்பாக இருக்கும். விதைக்கு விடும் செடியில் சிவப்புத் துணி கட்டுவது வீட்டுப் பெரியவரின் உரிமை. கட்டிவிட்டால் அந்தச் செடியில் யாரும் கை வைக்கக் கூடாது.

இந்தச் சித்திரையில் துணியோடு தோட்டத்துக்குப் போனேன். கட்டுவதற்குச் செடி இல்லை. இரவிலும் புழுக்கம் தணியவில்லை. பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. போன கோடையும் இப்படித்தான். எங்கள் விதையை வாங்கிப் போன கருத்தையாவுக்கு ஒரு கூடைகூடத் தேறவில்லை.

கிணற்றடியில் மட்டும் நான்கைந்து செடிகள் காய்த்துத் தொங்கின. மருமகள் வெங்கடேஸ்வரி, சாத்தூர்ப் பக்கம் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டவை. அதே பாத்தியில் எங்கள் நாற்றையும் நட்டிருந்தாள். அது வெறுஞ்செடியாக நின்றது.

"எங்க கரிசல்ல இதவிடச் சூடு, மாமா. அங்கயே காய்க்கும்."

"கோலிக்குண்டு கணக்கா இருக்கு. இதக் குடுத்தா ஊரு சிரிக்காதா?"

"ரசத்துக்கு ரெண்டு போதும், அம்புட்டுப் புளிப்பு." சற்றுத் தயங்கினாள். "நம்ம வீட்டுப் பேரச் சொல்லியே குடுங்க மாமா. யாருக்குத் தெரியப் போவுது?"

என்மேல் உள்ள பரிவில்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வீட்டுப் பொருளுக்குத் தன் பேரைச் சூட்டும் அளவுக்கு இந்த வீடு இறங்கவில்லை.

மறுநாள் கருத்தையா வந்தான். போன வருட நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அய்யா, வைகாசியில நாத்துப் பாவணும். வெத எடுத்தாச்சா?"

"எங்க வெதயக் கேக்காதலே. இந்த வெயிலுக்கு அது ஆவாது."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவனைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், அவன் கண்ணெதிரே சாத்தூர்ச் செடியில் துணியைக் கட்டினேன்.

"இது எங்க சம்பந்தி வீட்டுத் தக்காளி. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். எங்களதக் கார்த்திகைக் குளிருக்குப் போட்டுக்கிடுவோம்."

பழத்தைத் தொடப்போன கருத்தையா துணியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

"கல்யாணத்துக்குச் சீரே வேண்டாம்னு நிமிந்து நின்னியளே அய்யா. இப்பக் கேட்டு வாங்கிட்டியளாக்கும்?"

"ஏலே, நான் எங்க கேட்டேன்? அதா வந்துச்சு."

வெங்கடேஸ்வரி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, பின்னால் நின்றிருந்தாள்.

"முடிச்சு இறுகிருச்சு மாமா. செத்த தளத்திக் கட்டுங்க. செடி இன்னும் வளரும்."

அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன்.