எங்கள் வீட்டுப் பீஸ் கட்டை

போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் சாக்கைக் கவிழ்த்தார்கள். வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள் உருண்டன. எல்லாம் எங்கள் தெரு மீட்டர் பெட்டிகளிலிருந்து அண்ணன் சேரன் பிடுங்கியவை. ஏதோ பெரிய மிருகத்தின் பற்களைக் கொட்டியதுபோல் எனக்குத் தெரிந்தது.

"தெருவே கரண்டு இல்லாமக் கொசுக்கடியில கெடந்துச்சு மேடம். பீங்கான் கம்பெனியில இவனே செய்வானாம், வூடு வூடா வந்து இவனே புடுங்குவானாம்," என்றார் எதிர்வீட்டுப் பக்கிரி.

எஸ்.ஐ. செல்வநாயகி அண்ணனைப் பார்த்தார். "ஏம்ப்பா எடுத்த?"

"கம்பி வழியா பேசறாங்க மேடம். கட்டையப் புடுங்கினாத்தான் நிறுத்தறாங்க."

"நல்லா நடிக்கறான்," என்று சிரித்தார் பக்கிரி.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. அம்மாவிடம் திரும்பினார். "கேஸ் வேணாம்மா. பெரியாஸ்பத்திரியில மனநல டாக்டர் இருக்காங்க, நானே அனுப்பி வைக்கிறேன். புகார் குடுத்த இவரு கிட்டயும் நான் பேசிக்கறேன். பையன் எப்பலேர்ந்து இப்புடி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

நான் மூச்சு விட்டேன்.

"அவனுக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் அம்மா. "குடிக்கக் காசில்லாம எடுத்துட்டான். திருட்டுக் கேஸே போட்டுக்குங்க."

அண்ணன் குடிப்பதே இல்லை.

"என்னாம்மா சொல்ற?" என்றேன்.

அம்மா என் மணிக்கட்டை இறுக்கிக் கிசுகிசுத்தாள். "வாய மூடுடி. திருட்டுன்னா உள்ள போயிட்டு வந்துடுவான். பைத்தியம்னு ஆச்சுன்னா பெண்ணாடத்துக்காரங்க உன்னக் கட்டுவாங்களா? ரத்தத்துல இருக்குதும்பாங்க."

பெண்ணாடத்துக்காரர்கள் போன வாரம்தான் எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். சம்பந்தம் பேசி முடித்தவர் இதே பக்கிரி.

அண்ணன் குவியலைத் துழாவி ஒரு கட்டையை எடுத்தான். "மதி, இது நம்ம வூட்டுது. மொதல்ல இதத்தான் எடுத்தேன். உன்னத்தான் ரொம்ப அசிங்கமாத் திட்டுனாங்க."

அதில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்திருந்தது. பொங்கலுக்குச் சுவர் அடித்தபோது நான் சிந்தியது. ஆனால் எங்கள் வீட்டில் கரண்டே போகவில்லையே? அம்மாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். யாருக்கும் தெரியாமல் புதுக் கட்டை வாங்கிச் சொருகியிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும்.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "அப்ப திருட்டுன்னே எழுதிடவா?"

கட்டையை வாங்கி அவர் முன்னால் வைத்தேன்.

"திருடறவன் சொந்த வூட்டுதயா மேடம் மொதல்ல புடுங்குவான்? அண்ணனுக்குக் கொரலு கேக்குது. நடிக்கல. தங்கச்சி மதிவதனி சொன்னேன்னு எழுதிக்குங்க."

அம்மாவின் பிடி நழுவியது. பக்கிரி செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார்.

அண்ணன் தலைக்குமேல் ஓடிய ஃபேனைப் பார்த்துக் காதுகளைப் பொத்திக்கொண்டான். எஸ்.ஐ. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தார்.